இண்டி ராக், பங்க்: முதலில் எந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுவது?

நாற்பது பாட்டுள்ள பிளேலிஸ்ட்டை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் அதை யாரும் திறப்பதில்லை. திறந்தாலும் முதல் பாட்டில் முப்பது நொடி, அடுத்ததில் பத்து நொடி, அத்தோடு சரி. பங்க் (வேகமான, கரடுமுரடான ராக்), இண்டி ராக் (பெரிய கம்பெனிகளைச் சாராத ராக்) என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். பழக்கமில்லாத காதுக்கு முதல் சில நொடிகள் வெறும் இரைச்சலாகத்தான் விழும். அதனால் ஒரு நேரத்தில் ஒரே பாட்டு கொடுங்கள். அது எவ்வளவு புகழ்பெற்ற பாட்டு என்பது இப்போதைக்கு வேண்டாம். கேட்கப்போகிறவரின் காது எதைப் பிடித்துக்கொள்ளும் என்று பார்த்து எடுங்கள். ஆல்பம், வரலாறு, இசைக்குழுவின் கதை எல்லாம் அவர் இரண்டாவது பாட்டைத் தானாகக் கேட்ட பிறகு.

முதலில் கேட்க வேண்டியவை

"உனக்கு எந்த மாதிரி மியூசிக் பிடிக்கும்?" என்ற கேள்விக்கு "எல்லாமே கேட்பேன்" என்ற பதில்தான் கிடைக்கும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "சமீபத்தில் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாய்? அதில் எந்த இடம் வரும் என்று காத்திருப்பாய்?" என்று கேளுங்கள். டிரம்ஸ் இறங்கும் இடம் என்பார் ஒருவர், ஒரு வரியைச் சொல்வார் இன்னொருவர், பேஸ் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார்) ஓடும் விதத்தைச் சொல்வார் வேறொருவர். உங்களுக்கு வேண்டியது அந்தப் பதில்தான்.

எதில் கேட்பார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பேஸ் கிட்டாரின் அடித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. போன் ஸ்பீக்கரோ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. வாஷிங்டன் குழுவான ஃபுகாஸியின் 'வெயிட்டிங் ரூம்' தனி பேஸில்தான் தொடங்குகிறது. அதைப் போன் ஸ்பீக்கரில் கேட்பவர் பாட்டின் பாதியை இழந்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பார். மாறாக ஜாய் டிவிஷன் குழுவில் பீட்டர் ஹுக் பேஸை மேல் சுரங்களில், மெட்டாகவே வாசிப்பார். அது சின்ன ஸ்பீக்கரிலும் தப்பிப் பிழைக்கும். இயர்போன் இல்லாதவருக்கு 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்', இருப்பவருக்கு 'வெயிட்டிங் ரூம்'.

காதுக்குத் தக்க பாட்டு

மெட்டுக்காகக் கேட்பவருக்கு பஸ்காக்ஸின் 'எவர் ஃபாலன் இன் லவ்' (1978), அல்லது வட அயர்லாந்தின் டெரி நகரத்து அண்டர்டோன்ஸின் 'டீனேஜ் கிக்ஸ்' (1978). இரண்டும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும், இரண்டிலும் முணுமுணுக்க ஒரு மெட்டு உண்டு. வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல் பிபிசியில் 'டீனேஜ் கிக்ஸ்' பாட்டைப் போட்ட கையோடு இன்னொரு முறையும் போட்டார். உங்கள் நண்பரும் அப்படி இரண்டாம் முறை போட்டால் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் மென்மையாக வேண்டும் என்றால் பிக்ஸீஸின் 'ஹியர் கம்ஸ் யுவர் மேன்' (1989).

வரிகளுக்காகக் கேட்பவரிடம் முழு இசைக்குழுவோடு போகாதீர்கள். பில்லி ப்ராகின் 'எ நியூ இங்கிலாந்து' (1983) போதும்: ஒரு குரல், ஒரு எலக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ் கிடையாது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும். அது பிடித்தவருக்கு மவுண்டன் கோட்ஸின் 'திஸ் இயர்' (2005).

டிரம்ஸும் ஆட்டமும் வேண்டும் என்பவருக்கு லீட்ஸ் நகரத்து கேங் ஆஃப் ஃபோர். 'டேமேஜ்ட் குட்ஸ்' பாட்டில் கிட்டார் மெட்டை வாசிப்பதில்லை, தாளத்தை வெட்டி வெட்டிப் போடுகிறது. ரெகே கேட்டுப் பழகியவருக்கு தி கிளாஷின் முதல் ஆல்பத்தில் (1977) இருக்கும் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்'. ஜூனியர் மர்வினின் ஜமைக்கா பாட்டைப் பங்க் குழு தன் கையில் எடுத்த விதம் அது, ஆறு நிமிடம் ஓடும். மெட்டல் கேட்பவர் பங்கைக் கேட்டதும் "வாசிக்கத் தெரியாதவர்கள்" என்று சொல்லக்கூடும். அவருக்கு வாஷிங்டனின் பேட் பிரெயின்ஸ். ஜாஸ் ஃபியூஷன் வாசித்துப் பழகிய கறுப்பினக் கலைஞர்கள் அவர்கள். 'பே டு கம்' ஒன்றரை நிமிடம்கூட இல்லை, அதற்குள் கை வேகம் தெரிந்துவிடும்.

குரலுக்காகக் கேட்பவரிடம் கவனமாக இருங்கள். பங்க் குரல்கள் பிடித்தால் உயிர், பிடிக்காவிட்டால் வெறுப்பு. யா யா யாஸின் 'மேப்ஸ்' (2003) பாதுகாப்பான தொடக்கம். ஸ்லீட்டர்-கின்னியின் 'டிக் மீ அவுட்' (1997) அடுத்த படி. கோரின் டக்கரின் நடுங்கி உயரும் குரலைத் தாண்ட முடிந்தவர் மேலே எங்கும் போகலாம். அந்தப் பாட்டில் பேஸ் கிட்டாரே கிடையாது, இரண்டு கிட்டாரும் டிரம்ஸும்தான். ஏதோ குறைகிறதே என்று கேட்பவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சத்தமே ஆகாது என்பவரும் உண்டு. அவருக்கு யோ லா டெங்கோவின் 'ஆட்டம் ஸ்வெட்டர்' (1997), ஆர்கனும் டிரம்ஸும் முன்னால் நிற்கும் அமைதியான பாட்டு. கார்டிஃபின் யங் மார்பிள் ஜயன்ட்ஸ் 1980இல் வெளியிட்ட 'கொலோஸல் யூத்' ஆல்பமும் சரிப்படும். பங்கின் சிக்கனம் முழுதும் அதில் உண்டு, கத்தல் ஒன்றுகூட இல்லை.

தமிழ்ச் சினிமாப் பாட்டு மட்டுமே கேட்பவருக்கு ஒரு நேர் வழி இருக்கிறது: எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, மறுபடி லண்டன் போன தமிழர். அவருடைய 'கலா' ஆல்பத்தை (2007) ஒரு வரைபடமாகவே பயன்படுத்தலாம். முதல் பாட்டான 'பாம்பூ பாங்கா' மாடர்ன் லவர்ஸின் 'ரோட்ரன்னர்' வரிகளோடு தொடங்குகிறது. அதே பாட்டில் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து எடுத்த துண்டும் ஓடுகிறது. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் சுற்றிச் சுற்றி வரும் கிட்டார் கிளாஷின் 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' (1982) பாட்டிலிருந்து வந்தது. '20 டாலர்' பாட்டில் பிக்ஸீஸின் 'வேர் இஸ் மை மைண்ட்?' வரிகள் வருகின்றன. எம்.ஐ.ஏ. பாட்டு ஒன்று, அதன் மூலம் ஒன்று என்று ஜோடி ஜோடியாகக் கொடுங்கள். "அட, அந்த இடம்!" என்று அவரே கண்டுபிடிப்பார். நீங்கள் விளக்குவதைவிட அது நூறு மடங்கு வேலை செய்யும்.

இந்தக் கேட்பவரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சினிமாப் பாட்டில் பல்லவி முடிந்ததும் இசைக்கருவிகளுக்கு என்று ஓர் இடையிசை வரும். காது அதற்காகக் காத்திருந்து பழகியது. நியூயார்க் பங்க் குழுவான ரமோன்ஸின் பாட்டில் அப்படி எதுவும் வராது. அது வரும் என்று காத்திருப்பதற்குள் பாட்டே முடிந்திருக்கும்.

அனுப்பும்போது

எந்தப் பதிப்பு என்பதைப் பார்த்து அனுப்புங்கள். தேடலில் மேலே வருவது சில நேரம் நேரடிக் கச்சேரியாகவோ பிற்காலத்து மறுவெளியீடாகவோ இருக்கும். முதல் அறிமுகத்துக்கு ஸ்டுடியோப் பதிவுதான். ஸ்டூஜஸின் 'ரா பவர்' ஆல்பத்துக்கு (1973) இரண்டு கலவைகள் (மிக்ஸ்) இருக்கின்றன: டேவிட் போவி செய்தது ஒன்று, 1997இல் குழுவின் பாடகர் இகி பாப் மறுபடி செய்தது மற்றொன்று. இரண்டாவது காதைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி ஏற்றப்பட்டது. எது என்று சொல்லாமல் அனுப்பினால் அவர் கேட்டதும் நீங்கள் நினைத்ததும் வேறு வேறாகிவிடும்.

முழு ஆல்பம் கொடுக்கும்போது எந்தப் பாட்டோடு நிறுத்த வேண்டும் என்று எழுதுங்கள். ரமோன்ஸின் முதல் ஆல்பம் (1976) 14 பாட்டு, அரை மணிக்கும் குறைவு. ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும் விரிவாக்கப் பதிப்பில் அதன் பிறகு டெமோ எனப்படும் மாதிரிப் பதிவுகள் வரிசையாக வரும். "14ஆவது பாட்டோடு நிறுத்திவிடு" என்ற ஒரே வரி இல்லாமல் போனால், அவர் மனதில் "நீளமான, சலிப்பான ஆல்பம்" என்று பதிந்துவிடும். ஷஃபிளையும், ஒரு பாட்டின் வாலில் அடுத்ததைக் கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடப் பாட்டில் பத்து நொடி கரைந்துபோனால் முடிவே போய்விடும்.

கூட எழுதும் குறிப்பு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். எவ்வளவு நேரம், எப்படிக் கேட்க வேண்டும், எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். இப்படி:

"மச்சி, மூணு நிமிஷம்கூட இல்ல. இயர்போன்ல கேளு. இருபது செகண்ட் தாண்டினதும் பாட்டு மொத்தமா நின்னுடும், போன் ஹேங் ஆகல. திரும்ப ஆரம்பிக்கிற இடத்தைக் கவனி."

'வெயிட்டிங் ரூம்' பாட்டுக்கான குறிப்பு இது. பேஸ் தனியாக வரும், டிரம்ஸும் கிட்டாரும் ஏறும், திடீரென்று எல்லாரும் ஒரே நேரத்தில் கையை எடுத்துவிடுவார்கள். அந்த மௌனத்தில்தான் பாட்டு இருக்கிறது. அதைப் பழுது என்று நினைத்து அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. "இதைக் கேட்காதவன் ராக் பற்றிப் பேசக் கூடாது", "முதலில் புரியாது, போகப் போகப் புரியும்" போன்ற வாசகங்களை அறவே விடுங்கள். பிடிக்கவில்லை என்று சொல்லும் சுதந்திரத்தை அவை பறித்துவிடும், அப்புறம் உங்களுக்கு உண்மையான பதில் கிடைக்காது.

ஐந்து பாட்டுக்குப் போகும்போது

முதல் பாட்டு ஒட்டிக்கொண்டால் ஐந்து பாட்டு கொடுக்கலாம். மொத்தம் பதினைந்து, பதினாறு நிமிடத்துக்குள் இருக்கட்டும். இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, வேகமான பாட்டுகளை அடுத்தடுத்து வைப்பது. பழகாத காதுக்கு மூன்றாவது வேகப் பாட்டிலிருந்து எதுவும் தனித்துத் தெரியாது. ஜானி ரமோன் கிட்டாரைப் பெரும்பாலும் கீழ்நோக்கி மட்டுமே அடிப்பார், மேல்வீச்சு கிடையாது. அந்த ஒரே சீரான இரைச்சல்தான் அவர்களின் பலம். அதுவே ஐந்து பாட்டு தொடர்ந்தால் சுவராகிவிடும்.

ஓர் உதாரண வரிசை: 'டீனேஜ் கிக்ஸ்', 'ஹியர் கம்ஸ் யுவர் மேன்', ரமோன்ஸின் 'பிளிட்ஸ்க்ரீக் பாப்', 'ஆட்டம் ஸ்வெட்டர்', கடைசியில் 'வெயிட்டிங் ரூம்'. சுமார் 16 நிமிடம். மெட்டில் தொடங்கி, சற்று இளகி, இரண்டே கால் நிமிட வேகத்தில் ஏறி, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, பிறகு அந்த மௌனத்தோடு கூடிய பேஸ். 'பிளிட்ஸ்க்ரீக் பாப்' பிடித்துப்போனால் அதே ஆல்பத்தின் மெதுவான காதல் பாட்டான 'ஐ வானா பி யுவர் பாய்ஃப்ரெண்ட்' நல்ல அடுத்த படி.

கிசுகிசுத்துவிட்டு வெடிக்கும் பாட்டுகளுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. பிக்ஸீஸின் 'டேம்' இரண்டு நிமிடம்கூட இல்லை, முணுமுணுப்பில் தொடங்கி அலறலுக்குப் போகும். மெல்லிய இடத்தில் ஒலியைக் கூட்டியவர் அடுத்த நொடி இயர்போனைப் பிடுங்கி எறிவார். உரத்த இடத்தில் ஒலியளவை வைத்துக்கொண்டு முதலிலிருந்து கேட்கச் சொல்லுங்கள்.

பதிலைப் படிப்பது

"நல்லா இருக்கு" என்பது பதில் இல்லை, மரியாதை. "எந்த இடம்?" என்று கேளுங்கள். இடத்தைச் சொன்னால் கேட்டிருக்கிறார். சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறு பக்கத்திலிருந்து முயலுங்கள்.

குறை சொல்பவரிடமிருந்துதான் அதிகம் தெரிந்துகொள்ளலாம். "ரெக்கார்டிங் சரியில்லை" என்று வந்தால் நீங்கள் முன்கூட்டிச் சொல்லத் தவறிவிட்டீர்கள். ஸ்ட்ரோக்ஸின் 'இஸ் திஸ் இட்' (2001) ஆல்பத்தில் ஜூலியன் காசபிளாங்கஸ் ஒரு சின்னப் பயிற்சி ஆம்ப்ளிஃபயர் வழியாகப் பாடியிருக்கிறார். குரல் கரகரப்பது அதனால்தான், இயர்போன் கிழிந்துவிடவில்லை. கைடட் பை வாய்சஸின் 'பீ தவுசண்ட்' (1994) வீட்டில் கேசட் கருவிகளில் பதிவானது. உஸ் என்ற இரைச்சல் கூடவே வரும், பாட்டுகள் திடீரென்று அறுந்து நிற்கும். மை பிளடி வேலன்டைனின் 'லவ்லெஸ்' (1991) ஆல்பத்தில் குரல் கிட்டாருக்கு அடியில் புதைந்திருக்கும், கிட்டாரின் சுருதியும் கை அசைவில் வளைந்துகொண்டே இருக்கும். சொல்லாமல் கொடுத்தால் கோப்பு கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள். சொல்லிக் கொடுத்தால் அந்த மங்கலுக்குள் மெட்டைத் தேடிப் போவார்கள்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்றால் வரிசை தவறு, பாட்டுகள் மீது குற்றமில்லை. நடுவே மெதுவான ஒன்றை நுழையுங்கள். "பாடத் தெரியலை" என்றால் குரல் பின்னுக்கு நிற்கும் பாட்டுக்குப் போங்கள். டெலிவிஷனின் 'மார்க்கி மூன்' (1977) பத்து நிமிடம் ஓடும், அதில் இரண்டு கிட்டார்கள்தான் பேசிக்கொள்ளும். "கத்துறாங்க" என்றால் உடனே விலகி 'ஆட்டம் ஸ்வெட்டர்' பக்கம் வாருங்கள். அவரிடம் மைனர் த்ரெட்டின் 46 நொடி 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' பாட்டை ஒரு வருடம் கழித்துக் கொடுக்கலாம்.

அங்கிருந்து எங்கே

ஒரு பாட்டு பிடித்துவிட்டால் செயலி காட்டும் "இது போன்றவை" பட்டியலை நம்புவதைவிட மூன்று கயிறுகளைப் பிடித்துப் போகலாம்.

முதலாவது ஆட்கள். மைனர் த்ரெட்டின் இயன் மெக்காய்தான் ஃபுகாஸியில் பாடினார். பஸ்காக்ஸை விட்டுப் போன ஹோவர்ட் டிவோட்டோ மேகசின் குழுவைத் தொடங்கினார். ஜாய் டிவிஷனில் எஞ்சியவர்கள் நியூ ஆர்டர் ஆனார்கள். ஹுஸ்கர் டூவின் பாப் மோல்ட் பின்னால் ஷுகர் குழுவில் இன்னும் இனிய மெட்டுகள் போட்டார். ஹுஸ்கர் டூ கடினமாக இருந்தால் ஷுகரிலிருந்து பின்னோக்கி வரச் சொல்லலாம்.

இரண்டாவது பதிவு செய்தவர். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த வழி. பிக்ஸீஸின் 'சர்ஃபர் ரோசா' (1988), பிரீடர்ஸின் 'பாட்' (1990), பி.ஜே. ஹார்வியின் 'ரிட் ஆஃப் மீ' (1993), நிர்வாணாவின் 'இன் யூட்ரோ' (1993) நான்கையும் பதிவு செய்தவர் ஸ்டீவ் ஆல்பினி. நான்கிலும் டிரம்ஸ் ஓர் அறைக்குள் உங்கள் எதிரே அடிப்பதுபோல் இருக்கும், குரல் சற்றுத் தள்ளி நிற்கும். 'வேர் இஸ் மை மைண்ட்?' பாட்டில் கிம் டீல் பின்னணியில் "ஊ" என்று இழுப்பதை ஸ்டுடியோவின் குளியலறையில் பதிவு செய்தார். அந்தச் சுவரெதிரொலியை இயர்போனில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது லேபிள், அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம். பஸ்காக்ஸ் 1977 ஜனவரியில் கடன் வாங்கி 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற நான்கு பாட்டுத் தட்டைத் தாமே வெளியிட்டார்கள், பெரிய கம்பெனி தேவையில்லை என்று பலருக்கும் அது காட்டியது. அதன்பின் வந்த சிறு லேபிள்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரும் ஓர் ஒலியும் உண்டு. வாஷிங்டனின் டிஸ்கார்ட் (1980) இறுக்கமான, கோபமான பங்க். மான்செஸ்டரின் ஃபாக்டரி (1978) குளிர்ந்த, இடைவெளி விட்ட ஒலி. நியூசிலாந்தின் ஃப்ளையிங் நன் (1981) கலகலக்கும் கிட்டார், கொஞ்சம் சோகம். தி சில்ஸின் 'பிங்க் ஃப்ராஸ்ட்' (1984) கேட்டால் தெரியும்.

ஆல்பமாகக் கேட்கத் தயாராகிவிட்டவருக்கு பஸ்காக்ஸின் 'சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி' (1979) மிகச் சரியான முதல் ஆல்பம். எட்டு சிங்கிள்களின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டுகள்) முன்பக்கப் பாட்டுகள் முதலில், பின்பக்கப் பாட்டுகள் அடுத்து, காலவரிசையில். முதல் எட்டோடு நிறுத்தினாலும் நிறைவாக இருக்கும். கிளாஷின் 'லண்டன் காலிங்' (1979) மகத்தான ஆல்பம், ஆனால் 19 பாட்டு. இரண்டு நாளாகப் பிரித்துக் கொடுங்கள். மினிட்மென் குழுவின் 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்' (1984) நாற்பது பாட்டுக்கு மேல், அதிலிருந்து ஐந்தை நீங்களே பொறுக்கித் தாருங்கள்.

அனுப்புமுன் பார்க்க வேண்டியது

பங்கின் பெயரில் இனவெறியும் விற்கப்பட்டிருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் 1970களில் சாதாரணப் பங்க் குழுவாகத் தொடங்கி, பின்னால் வெளிப்படையான நாஜிக் குழுவானது. செயலிகளின் தானியங்கிப் பரிந்துரையிலோ பழைய பட்டியல்களிலோ இப்படிப்பட்டவை கலந்து வரக்கூடும். தெரியாத பெயரை அனுப்புமுன் ஐந்து நிமிடம் தேடிப் பாருங்கள். அதே காலத்தில் எதிர்ப்பக்கமும் வலுவாக நின்றது: 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பார்க்கில் இனவெறிக்கு எதிராக கிளாஷும் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸும் ஸ்டீல் பல்ஸும் ஒரே மேடையில் வாசித்தார்கள். டெட் கென்னடிஸின் 'ஹாலிடே இன் கம்போடியா' (1980) போன்ற பாட்டுகள் முழுக்கக் குத்தல். நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் விபரீதமாகத் தோன்றும், அதனால் ஒரு வரி முன்குறிப்போடு அனுப்புங்கள். வசைச்சொற்கள் சகஜம். குழந்தைகள் இருக்கும் வீட்டு ஸ்பீக்கருக்கு என்றால் வரிகளைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பிடித்துப்போய் வாங்க நினைப்பவரை, இசை விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப் பக்கம் அனுப்பலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம், வாங்குமுன் பாட்டைக் கேட்டும் பார்க்கலாம். ஃபுகாஸி ரசிகராகிவிட்டவருக்கு டிஸ்கார்ட் நடத்தும் நேரடிக் கச்சேரித் தொகுப்பு இருக்கிறது. நூற்றுக்கணக்கான இரவுகள், ஒவ்வொன்றுக்கும் பரிந்துரைத்த விலை 5 டாலர். ஒலித்தரம் எப்படி என்று ஒவ்வொன்றின் அருகிலும் குறித்திருப்பார்கள். மிகச் சிறந்தது என்று குறித்ததை மட்டும் முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.